விளங்காத பாட்டுக்குத் துடக்கில்லை

முதல் பாட்டு குரலோடு தொடங்காது, கைதட்டலோடு தொடங்கும். நாலைந்து பேர் வெறும் அறை ஒன்றுக்குள் நின்று தட்டுவது போன்ற உலர்ந்த, இடைவெளி விட்ட தட்டல், அதன் பின்னால் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம், அந்த மூச்சு முடிவதற்குள் கீழே வரதன் அண்ணையின் பலசரக்குக் கடையில் அப்போதுதான் பிரித்த மிளகாய்த்தூள் மூட்டையின் நெடி ஐந்து மாடிப் படியும் ஏறி வந்து அக்காவைத் தும்ம வைக்கும். இன்றைக்கும் எங்கேயாவது யாரும் ஒத்துக் கைதட்டினால் எனக்கு மூக்கு அரிக்கிறது.

இது 2009இலும் அதற்கடுத்த வருசத்திலும் பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் தெருவில், நாங்கள் நாலு பேரும் இருந்த ஒன்றரை அறை வீட்டில் நடந்தது. எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினாலு. அப்பா ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக் கழுவி, சலாட் வெட்டுகிற இடம் வரைக்கும் உயர்ந்திருந்தார். அம்மா விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவார், அதற்கு எங்கள் வீட்டில் "மெனாஜ்" என்று பெயர். சுவரில் ஈரம் ஊறி ஒரு பக்கத்துக் கடதாசி உரிந்து தொங்கியதும், கழிவறை வெளிப்படியில் இரண்டு வீட்டுக்குப் பொதுவாக இருந்ததும் அப்போது எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை, தெரிந்த வீடுகளெல்லாம் அப்படித்தான் இருந்தன.

அந்தப் பாட்டுகள் ஒரு லத்தீன் அமெரிக்கப் பாடகியின் முதல் தனி இசைத்தட்டில் இருந்தவை. பல வருசம் மூன்று பெண்களில் ஒருத்தியாகக் குழுவில் பாடிவிட்டு, பிறகு மற்ற இரண்டு பேரையும் விட்டுப் பிரிந்து வந்து தன்பாட்டில் போட்ட தட்டு. மட்டையில் மஞ்சள் சுவருக்கு முன்னால் மூன்று நாற்காலிகள் இருக்கும், அவள் எதிலும் இருக்காமல் பக்கத்தில் நிற்பாள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, மட்டையில் பெரிதாக அச்சடித்தும் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. அம்மா அவளைத் "தனியப் பாடுறவள்" என்பார், நாங்களும் அப்படியே சொன்னோம்.

தட்டைக் கொண்டுவந்து தந்தது அம்மாவோடு மெனாஜ் செய்த பெரு நாட்டுப் பெண். அவளுடைய பெயர் லூஸ். அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "இண்டைக்கு உன்ரை லூசு என்ன சொன்னது?" என்று கேட்பார், அம்மா முறைப்பார், நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொள்வோம். அம்மாவின் பிரெஞ்சில் வினைச்சொல் இராது, லூஸின் பிரெஞ்சில் வினைச்சொல்லைத் தவிர வேறொன்றும் இராது, இரண்டையும் ஒட்டினால் ஒரு முழு வசனம் வரும் என்று அக்கா சொல்லுவாள். எப்படியோ அந்த இரண்டு பேரும் தங்கள் கதையை ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு வன்னியில் ஒரே ஒரு தம்பி இருக்கிறார், அங்கே சண்டை, மாசி மாதத்துக்குப் பிறகு தொலைபேசி இல்லை என்பது லூஸுக்குத் தெரியும். ஒரு நாள் அம்மா வீங்கிய முகத்தோடு வேலைக்குப் போக, அடுத்த நாள் அவள் தன் பையிலிருந்து இந்தத் தட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஆறுதலாகச் சொல்ல அவளிடம் பிரெஞ்சு இருக்கவில்லை, இருந்தது அதுதான். அம்மா அதைக் கொண்டுவந்து சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பல வாரம் அது கண்ணாடித்தாள் பிரிக்காமலே கிடந்தது.

மாமா உழவு இயந்திரம் திருத்துகிறவர். நான் அவரை நேரில் கண்டதில்லை, குரலில்தான் தெரியும். தொலைபேசியில் என்னிடம் எப்போதும் எங்கள் பக்கத்தைப் பற்றி ஒரே கேள்வி கேட்பார், "உங்கை இப்ப பகலோ இரவோ?" என்று. நான் பகல் என்றால், "அப்ப எங்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் அனுப்பிவிடு பிள்ளை" என்பார். மாமியும், ஆறு வயது மகனும், கைக்குழந்தையும் அவரோடு இருந்தார்கள்.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. நாங்கள் இருந்த தெருவில் அது முதலில் சத்தத்தில்தான் தெரிந்தது. அதற்கு முன்பு ரூ காயில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் ஆறேழு படப்பாட்டை அரைகுறையாகக் கேட்டுவிடலாம், சேலைக்கடையில் ஒன்று, டிவிடி கடையில் ஒன்று, தலைமயிர் வெட்டுகிற இடத்தில் ஒன்று என்று வாசலுக்கு வாசல் ஒலிபெருக்கிப் பெட்டி கட்டிப் போட்டிருப்பார்கள். அந்த வாரம் எல்லாம் நின்றன. கூடிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. ஒருவர் நிறுத்த அடுத்தவருக்குத் தன் கடைப் பாட்டு உரக்கக் கேட்டிருக்கும், அவரும் நிறுத்தியிருப்பார். மண்டபங்களில் வைத்திருந்த கலியாணங்களைத் தள்ளிப்போட்டார்கள். வரதன் அண்ணை கடைக்குள் சாம்பிராணி மட்டும் கொளுத்தினார்.

அதே வாரம் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவர் அத்தை, அப்பாவின் தமக்கை. லெ பிளாங்-மெனில் புறநகரில் இருந்து தன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் வெளிறிய நிறத்தில் சேலை கட்டியிருந்தார்கள். எங்கள் ஆட்களில் செத்தவீட்டுக்கு வருகிற பெண்கள் வாசலிலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அழுதபடி வருவார்கள், வீட்டுப் பெண் எழுந்து போய் அந்தக் கைகளுக்குள் விழவேண்டும், அதுதான் முறை. அத்தை நாலாம் மாடியிலேயே மூக்கை உறிஞ்சத் தொடங்கியது எங்களுக்குக் கேட்டது. அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, சீனி டப்பாப் பக்கம் காட்டி, அக்காவிடம், "அதைப் போடு" என்றார்.

அக்காவுக்கு விளங்கவில்லை. "எதை?"

"லூஸ் தந்த பாட்டை. கெதியாய்ப் போடு."

அக்கா கண்ணாடித்தாளைப் பல்லால் கிழித்து, தட்டை எடுத்து, "சீடி செற்"றுக்குள் வைத்து அமத்தினாள். கதவு திறந்தது. அத்தை இரண்டு கையையும் விரித்து, "ஐயோ விமலா" என்று தொடங்கவும் கைதட்டல் தொடங்கவும் சரியாக இருந்தது. அதைத் தொடர்ந்து மேளமும் எக்காளமும் வந்தன. அத்தையின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன, பிறகு ஒன்று இறங்கிச் சேலைத்தலைப்பைப் பிடித்தது, மற்றது சுவரைப் பிடித்தது. அம்மா, "வாங்கோ, இருங்கோ, படி ஏறினது களைப்பாய் இருக்கும்" என்று தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.

வந்தவர்கள் மூன்று பேரும் கட்டிலின் விளிம்பில் வரிசையாக இருந்தார்கள். ஒருத்தியின் கால் தாளத்துக்கு அசைந்தது, அவள் குனிந்து பார்த்துவிட்டு அதை மற்றக் காலால் மிதித்துக்கொண்டாள். அத்தை கடைசியில், "என்ன விமலா இது, பாட்டு?" என்று கேட்டார்.

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலை ஸ்பானிஷ் படிப்பிக்கினம்" என்றார் அம்மா. "கேட்டுக் கேட்டுத்தானே பாடமாக்க வேணும்."

அது பாதி உண்மை. அக்கா கொலேஜில், அதாவது நடுநிலைப் பள்ளியில், இரண்டாம் மொழியாக ஸ்பானிஷ் எடுத்திருந்தாள், ஆனால் அதற்காக அம்மா ஒரு நாளும் எதையும் போடச் சொன்னவர் அல்ல.

அன்று வேலையால் வந்த அப்பா விசயத்தைக் கேள்விப்பட்டு, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, ஊரே செத்துக் கிடக்கிறபோது வீட்டில் என்ன குத்தாட்டம் என்று கேட்டார். அம்மா, அது தமிழ்ப் பாட்டில்லை என்றார். அப்பா, தமிழோ தெலுங்கோ, பாட்டுத்தானே என்றார்.

"ஓம், பாட்டுத்தான்" என்றார் அம்மா. "செத்தவீட்டிலை பாட்டுப் போடுவினமே?"

அப்பா கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அம்மாவின் கணக்கு அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சாவு விழுந்த வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு, உண்டு, துடக்குள்ள வீட்டில் பாட்டு இராது, விசேசம் இராது, கோயிலுக்குப் போகமாட்டார்கள். ஆகவே பாட்டு உள்ள வீட்டில் சாவு விழவில்லை. ஆனால் படப்பாட்டைப் போட்டால், அந்தத் தெருவில் உண்மையாகவே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் முகத்தில் அடித்தது போலாகும், அம்மா அதைச் செய்யமாட்டார். போடாமல் விட்டால் தம்பி செத்துவிட்டான் என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டது போலாகும், அதையும் செய்யமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது, அங்கே ஸ்பானிஷ் மொழியில் அந்தப் பெண் நின்று பாடினாள்.

வந்தவர்கள் எல்லோருக்கும் அதுதான் நடந்தது. படியில் சத்தம் கேட்டால் அக்கா அமத்துவாள், அவள் இல்லாவிட்டால் நான். கோடை வந்து யன்னல் திறந்ததும் பாட்டுத் தெருவுக்கும் இறங்கியது. வரதன் அண்ணை கடைவாசலில் நின்று அப்பாவிடம், "என்ன அண்ணை, மேலை கலியாணவீடே?" என்று கேட்டுவிட்டார். அப்பா அதை வந்து சொல்ல, அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நேரே கீழே இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். வரதன் அண்ணை முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ கடையிலை பாட்டை நிப்பாட்டினது சரி" என்றார் அம்மா. "நான் என்ரை வீட்டிலை நிப்பாட்டினால் ஆர் செத்ததெண்டு கேப்பினம். நான் என்ன சொல்லுறது?"

வரதன் அண்ணை முருங்கைக்காயைப் பையில் போட்டுக் கட்டினார். பிறகு அவருடைய கடைக்கு வருகிற யாராவது மேலே நிமிர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தால், அவரே, "அது வேறை பாசை, விளங்காத பாட்டுக்குத் துடக்கில்லை" என்று சொல்லத் தொடங்கினார். அப்படி ஒரு பழமொழி முன்பு எங்கேயும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சில மாதத்தில் அந்தத் தெருவில் வயதானவர்கள்கூட, தங்கள் ஊரில் சொல்லுவார்கள் என்று அதைச் சொன்னார்கள்.

மாமியின் முதல் தொலைபேசி ஆனியில் வந்தது. வவுனியாவுக்குப் பக்கத்தில் முகாமில் இருந்தார், யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் ஒரு தரம் அடித்து நிறுத்துவார், அம்மா கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கம் அழுத்தித் திருப்பி எடுப்பார். எடுத்ததும் எல்லோரும் கேட்பதற்காக ஒலிபெருக்கியை அழுத்திவிடுவார். முதல் தரம் அக்கா மரியாதைக்காகப் பாட்டைக் குறைக்கப் போக, அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். மாமியின் குரல் தூரத்தில், தகரத்தில் பட்டதுபோல வந்தது. தானும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம் என்றார். பிறகு கேட்டார்:

"மச்சாள், அதென்ன சத்தம்?"

"பாட்டு" என்றார் அம்மா. "நாங்கள் ஒண்டையும் நிப்பாட்டேல்லை. தம்பி வருவான். நீ பயப்பிடாதை."

அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது. மாமி, "ஓம் மச்சாள்" என்றார்.

அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்தத் தொலைபேசி வந்தது. அம்மா மாமா பற்றிக் கேட்பார், மாமி, விசாரித்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் ஒரு தகவலும் இல்லை என்பார். அம்மா ஒவ்வொரு தரமும் எடுப்பதற்கு முன்பு செற்றை மேசையின் ஓரத்துக்கு, தொலைபேசிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார். மாமி அங்கே தைரியத்தை விட்டுவிடக்கூடாது என்பதற்காக அதைச் செய்வதாக எங்களிடம் சொன்னார். "அவளும் கேக்கட்டும். இஞ்சை வீடு வீடாய்த்தான் இருக்கெண்டு தெரியட்டும்."

ஒரே தட்டை ஒரு வருசத்துக்கு மேல் கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் பிடிக்கும், பிறகு வெறுக்கும், பிறகு அது பாட்டாக இல்லாமல் குழாயில் தண்ணீர் போவது போல வீட்டின் சத்தங்களில் ஒன்றாகிவிடும். எனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு என்று புறப்பட்டு, கார் து நோர் ரயில் நிலையத் தண்டவாளத்துக்கு மேலே உள்ள பாலத்தில் நின்று போகிற ரயில்களுக்கு அவற்றைப் பாடிவிட்டுத் திரும்பி வருகிற பழக்கம் எனக்கு அந்த வருசம்தான் பிடித்தது, அதற்குப் பிறகு என்னைப் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் பிடித்துவைக்கவில்லை. அக்கா சொற்களைத் தேடி எழுதி, அந்தப் பாடகி தான் பிரிந்துவந்த மற்ற இரண்டு பெண்களையும்தான் முக்கால்வாசிப் பாட்டில் திட்டுகிறாள், ஆனால் காதலனைத் திட்டுவது மாதிரி மாற்றி வைத்திருக்கிறாள் என்று கண்டுபிடித்தாள். மெதுவான பாட்டு ஒன்று உண்டு, அது வரும்போது அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார். அது எதைப் பற்றியது என்று அக்காவிடம் அவர் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

லூஸ் வேலைத்தலத்தில் பாட்டுப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் அம்மா, "பியாங், பியாங்", நல்லது நல்லது, என்றாராம். எதற்காகப் போடுகிறோம் என்பதை அவளுக்குச் சொல்ல இரண்டு பேருடைய பிரெஞ்சையும் ஒட்டினாலும் போதாது.

அடுத்த வருசம் தெருவில் பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் பக்திப்பாட்டு, பிறகு பழைய படப்பாட்டு, ஒரு நாள் சேலைக்கடையில் புதுப்படப் பாட்டே போய்விட்டது. தள்ளிப்போட்ட கலியாணங்கள் நடந்தன. அழ வருகிறவர்கள் எப்போதோ வருவதை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அதே தட்டுப் போனது. அப்பா ஒரு தரம், இனிமேல் தமிழ்ப் பாட்டே போடலாம்தானே என்றார். அம்மா, தம்பி வந்த பிறகு போடலாம் என்றார்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாமி அடித்து நிறுத்த, அம்மா திருப்பி எடுத்தார். அதற்குள் மாமி முகாமிலிருந்து வெளியே வந்து, யாழ்ப்பாணத்தில் தன் தாய்வீட்டில் இருந்தார். அப்பாவுக்கு அன்று வேலை. நான் கட்டிலில் கிடந்தேன், அக்கா சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள், பாட்டு வழக்கம்போல மேசை ஓரத்தில் போய்க்கொண்டிருந்தது. அம்மா சுகம் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார். மாமி எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். பிறகு, இனி ஆரும் முந்திச் சொல்லிப்போடுவினம், அதனால் தானே சொல்லுகிறேன் என்று தொடங்கினார்.

"மச்சாள், ஆட்டத்திவசம் முடிச்சுப்போட்டம். கீரிமலையிலை."

ஆட்டத்திவசம் என்பது ஒருவர் செத்து ஒரு வருசத்தில் செய்வது. அம்மா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஆற்றை திவசம்?"

"உங்கடை தம்பியின்ரை. மகன்தான் செய்தவன்."

அக்கா சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டாள். மாமி அழவில்லை. வைகாசியில், சண்டையின் கடைசி நாட்களில், தான் பக்கத்தில் இருக்கும்போதே நடந்தது என்றும், கையால் மண் தோண்டி வைத்துவிட்டு வந்ததாகவும், பொட்டை அங்கேயே அழித்துவிட்டதாகவும் சொன்னார். விசாரிக்கிறோம் என்று சொன்ன அத்தனை ஞாயிறும் அவர் வெறும் நெற்றியோடு நின்றுதான் சொல்லியிருக்கிறார். எங்களுக்குக் குரல் மட்டும்தானே வந்தது.

அம்மா, "ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" என்றார். சத்தமாகக் கேட்கவில்லை.

"முதல் நாள் சொல்லத்தான் எடுத்தனான், மச்சாள். உங்கடை வீட்டிலை பாட்டுக் கேட்டது. பாட்டுப் போட்டிருக்கிற வீட்டுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"பிறகு?"

"பிறகும் கேட்டது. பிறகு எனக்கே அதைக் கேக்கவேணும் போலை வந்திட்டுது. அது கேக்குமட்டும் நான் சொல்லத் தேவையில்லை. சொல்லாமல் நிக்கேக்கை எனக்கும் அது நடக்காத மாதிரி இருந்தது."

அட்டையில் நேரம் முடியப்போகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் குறுக்கே வந்தது, அதோடு தொடர்பு போய்விட்டது. அக்கா எழுந்து செற்றை நிறுத்தப் போனாள். அம்மா, "விடு, முடியட்டும்" என்றார். இன்னும் மூன்று பாட்டு இருந்தன. மூன்றும் முடியும்வரை அம்மா நாற்காலியில் இருந்தார், நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம், ஒருவரும் சத்தத்தைக் குறைக்கவில்லை. முடிந்ததும் தட்டு உள்ளே சுற்றி ஓய்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வீட்டில் கேட்டது தெருச்சத்தம்தான். சேலைக்கடையில் ஒரு படப்பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அப்பா வந்து ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். துடக்கு எத்தனை நாள் காக்கவேண்டும் என்று கேட்டதற்கு ஐயர், செத்து வருசம் திரும்பிவிட்டது, அதுவும் கலியாணம் முடித்துப் போன பெண், காலங்கடந்து கேட்ட துடக்குத்தானே, "தோய்ஞ்சால் காணும்" என்றார். தலையில் ஒரு தரம் தண்ணீர் வார்த்தால் போதும் என்று பொருள். அப்பா அதை அப்படியே அம்மாவிடம் சொன்னார். அம்மா, "இவ்வளவுதானோ" என்றார். துவாயை எடுத்துக்கொண்டு போய்த் தோய்ந்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் சூடாக்கி சின்னது, மூன்று வாளிக்குமேல் சுடுதண்ணீர் வராது, ஆகவே அதிக நேரமும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. போன வருசம் கையை விரித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். திரும்ப ஒருவரும் வரப்போவதில்லை. அம்மா மாலைவரை அடுப்படிக்கும் யன்னலுக்கும் நடந்தார். பிறகு எங்களைச் சப்பாத்துப் போடச் சொன்னார். கார் து நோர் வரைக்கும் நடந்து, ஆர்.இ.ஆர். ரயில் பிடித்து லெ பிளாங்-மெனிலில் இறங்கினோம். அம்மாவின் தலைமயிர் முடியாமல், ஈரமாகவே இருந்தது. ரயிலில் எதிரே இருந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு வந்தது.

அத்தையின் வீட்டு வாசலில் நிற்கும்போதே உள்ளே தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி நடப்பது கேட்டது. அத்தை கதவைத் திறந்தார், கையில் மாவு. அம்மாவின் முகத்தையும் விரிந்த தலையையும் பார்த்தார். திரும்பிப் போய், முதலில் தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு மாவுக்கையோடேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, போன வருசம் வாசலில் பாதியில் விட்டதை அந்த இடத்திலிருந்தே தொடங்கினார். அம்மா போய் அந்தக் கைகளுக்குள் விழுந்தார். பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவதை நான் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன், பிறகும் கேட்டிருக்கிறேன், என் அம்மா அழுததை அந்த ஒரு தரம்தான் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினான். அத்தை நிறுத்தவில்லை.

இதெல்லாம் நடந்து பல வருசமாகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, லாரியில் சாமான் ஏற்றி, திராட்சை பிடுங்கி, ரொட்டர்டாமில் பூப்பெட்டி அடுக்கி, கடைசியில் தெற்கு ஸ்பெயினில் தக்காளித் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே வேலை கேட்கப் போன இடத்தில் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் முழுவதும் காதலித்துப் பிரிவதற்கு மட்டுமே உதவுவது என்று தெரிந்தது. மேற்பார்வையாளன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான், ஆனால் வேலை தந்தான். அம்மா பாத்திரத்தை வைத்துவிட்டுக் கேட்ட அந்த மெதுவான பாட்டு, கடலில் விழுந்த ஒரு காதணியைப் பற்றியது என்று அங்கேதான் அறிந்தேன். அந்தப் பாடகி அதற்குப் பிறகு தனியாக ஒன்றும் போடவில்லை, மற்ற இரண்டு பேரிடமும் திரும்பிப் போய்விட்டாளாம். தோட்டத்தில் வேலை செய்த இளசுகளுக்கு அவள் தனியாகப் பாடினாள் என்பதே தெரியாது.

ரூ காயில் எங்கள் வீடு இருந்த கட்டடத்தைத் திருத்தி, இரண்டு வீட்டை ஒன்றாக்கி, யாரோ வசதியானவர்கள் இருக்கிறார்கள். வரதன் அண்ணை கடையை விற்றுவிட்டார். சுரண்டுகிற தொலைபேசி அட்டை இப்போது எந்தக் கடையிலும் இல்லை, டிவிடி கடைகளும் இல்லை. பெட்டி வைத்துப் பாட்டுப் போட்டால் மாநகரசபை தண்டம் எழுதுகிறது, எல்லோரும் காதில் செருகிக்கொண்டு போகிறார்கள், ஆகவே எந்த வீட்டில் துடக்கு, எந்த வீட்டில் கலியாணம் என்று தெருவால் போகிறவருக்குத் தெரிவதில்லை. செத்தவர்களின் படம் கைத்தொலைபேசியில் வருகிறது, கீழே கும்பிடுகிற கைகளை வரிசையாகப் போட்டுவிடுகிறார்கள்.

அம்மா கூசேன்வில்லில் அக்காவோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எடுப்பார். நான் நிற்கிற இடங்களில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டுப் போய்க்கொண்டிருக்கும், தேநீர்க்கடை, பேருந்து, பொதி ஏற்றுகிற இடம். அவர் எப்படி இருக்கிறாய் என்று முதலில் கேட்பதில்லை. "உங்கை பாட்டுக் கேக்குது, வெளியிலை வந்து கதை" என்பார். நான் கையில் இருப்பதை வைத்துவிட்டு, சத்தம் இல்லாத ஒரு இடம் தேடி நடப்பேன், வந்துவிட்டேன் என்று சொல்லும்வரை மறுபக்கத்தில் மூச்சுத்தான் கேட்கும். பெரும்பாலும் அவர் சொல்ல வந்தது கத்தரிக்காய் விலை ஏறிவிட்டது, அக்காவின் மகனுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்பதாகத்தான் இருக்கும். அதையும் அவர் பாட்டு நின்ற பிறகுதான் சொல்வார்.